புகையிலைக் காளானைப் பூச்சி விட்டு அழிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை வயலில் காளான் (குடைக்காளான் அல்ல, புகையிலை வேரில் ஒட்டி உறிஞ்சி வளரும் களைச்செடி) வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி தின்று தீர்த்ததைப்போல இதற்கும் ஒரு பூச்சியை விட்டுத் தொலைக்க முடியாதா?

பூச்சி இருக்கிறது. வேலையும் செய்யும். ஆனால் இந்த ஆண்டுப் பயிரை அது காப்பாற்றாது. அது குறைப்பது அடுத்தடுத்த ஆண்டுகளுக்காக மண்ணில் விழும் விதையை மட்டுமே. இது புரியாமல் பூச்சியை விட்டால் பணமும் போகும், "உயிரியல் முறை எல்லாம் ஏமாற்று" என்ற பேச்சும் மிஞ்சும்.

முதலில் சப்பாத்திக்கள்ளி. 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த கொச்சினீல் பூச்சி கள்ளிக்காட்டைச் சில ஆண்டுகளில் வாட வைத்தது உண்மை. ஆனால் கள்ளி பல்லாண்டுச் செடி. வருடம் முழுக்க ஒரே இடத்தில், வெயிலில், பூச்சிக்கு எட்டும்படி நிற்கிறது. ஒரு மட்டையில் குடியேறிய பூச்சி பக்கத்து மட்டைக்கு நகர்ந்தால் போதும், குடும்பம் பெருகிவிடும். புகையிலைக் காளான், அதாவது ஒரோபாங்கி, அப்படிப்பட்டதல்ல. வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் அது மண்ணுக்குள் விதையாகக் கிடக்கிறது. மீதி நாட்களிலும் பாதி மண்ணுக்கடியில் வேரோடு ஒட்டிய கிழங்கு போன்ற முடிச்சாகத்தான் இருக்கிறது. தண்டு வெளியே தலை காட்டும்போது புகையிலையிலிருந்து உறிஞ்ச வேண்டியதில் பெரும்பகுதியை உறிஞ்சி முடித்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு எதைச் செய்தாலும், பூச்சியோ கையோ அரிவாளோ, அந்தப் பருவத்து மகசூல் இழப்பு பெரும்பாலும் நடந்து முடிந்த கதை.

விதையின் தன்மையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விதை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான், கையில் எடுத்தால் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஒரு செடி பல்லாயிரத்திலிருந்து சில லட்சம் வரை விதை தரும். ஏற்ற பயிரின் வேர் பக்கத்தில் வந்து, அது கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள் பட்டால்தான் முளைக்கும். படாவிட்டால் பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். அதனால் இந்தக் களையோடு நடக்கும் சண்டை செடியோடு நடப்பதல்ல, மண்ணில் சேர்ந்து கிடக்கும் விதைக் கிடங்கோடு நடப்பது. பூச்சியை எடைபோடும்போதும் "எத்தனை செடியைத் தின்றது" என்று பார்க்கக் கூடாது. "கிடங்குக்குள் போகும் விதையில் எவ்வளவை நிறுத்தியது" என்றே பார்க்க வேண்டும்.

அந்தப் பூச்சியின் பெயர் ஃபைட்டோமைசா ஒரோபாங்கியா. ஓரிரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கருஞ்சாம்பல் நிறச் சிறு ஈ. தக்காளி இலையில் வெள்ளைக் கோடு போடும் இலைச்சுரங்க ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இது இலைக்குப் போவதில்லை, வேறு பயிரையும் தொடுவதில்லை. ஒரோபாங்கி இனங்களில் மட்டுமே வளரும். ஐரோப்பா, மத்தியதரைக் கடலோர நாடுகள், மேற்கு ஆசியா, மத்திய ஆசியா என்று ஒரோபாங்கி இயல்பாக இருக்கும் நிலங்களில் இதுவும் இயல்பாகவே இருக்கிறது.

தாய் ஈ காளானின் பூவிலும் இளந்தண்டிலும் முட்டையிடும். சில நாளில் பொரிக்கும் வெண்ணிறப் புழு தண்டுக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டு போகும், அல்லது காய்க்குள் புகுந்து முற்றாத விதையைத் தின்னும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வேலை. முற்றாத காய்க்குள் ஒரு புழு புகுந்துவிட்டால் அந்தக் காயில் பெரும்பாலும் எச்சமும் தூளும்தான் மிஞ்சும். தண்டைக் குடைவதிலும் ஒரு பயன் உண்டு: அந்தக் காயத்தின் வழியே ஃபுசேரியம் போன்ற பூஞ்சாணங்கள் நுழைந்து தண்டை அழுக வைக்கும், செடி விதை முற்றும் முன்பே வாடும். புழு முழுதாக வளர்ந்ததும் காய்க்குள்ளோ தண்டுக்குள்ளோ பழுப்பு நிறப் பீப்பாய் வடிவக் கூட்டுப்புழுவாகும். பருவம் தொடர்ந்தால் அதிலிருந்து அடுத்த தலைமுறை ஈ வரும். காளான் காய்ந்துவிட்டால் கூட்டுப்புழு அந்தக் காய்ந்த தண்டுக்குள்ளேயே அடுத்த பருவம் வரை உறங்கும்.

அந்தக் காய்ந்த தண்டில்தான் சிக்கலும் தொடங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? காளானைப் பிடுங்கி, வரப்பில் குவித்து, காய்ந்ததும் கொளுத்துகிறோம். விதையோடு சேர்த்து அடுத்த ஆண்டுக்கான ஈயையும் கொளுத்துகிறோம். பிடுங்காமல் ஆழ உழுதால் கூட்டுப்புழு ஆழத்தில் புதைந்து, ஈ மேலே வர முடியாமல் சாகும். பயிர் சுழற்சி செய்தால், அது செய்ய வேண்டியதுதான், அடுத்த ஆண்டு அந்த வயலில் காளானே இருக்காது, ஈ வேறு வயலைத் தேடிப் பறக்க வேண்டும். ஆகவே ஈ இயல்பாக இருக்கும் நாடுகளில்கூட அதன் எண்ணிக்கை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தாழ்ந்தே இருக்கும். முதலில் பூக்கும் காளான்கள் அதனிடமிருந்து தப்பிவிடும், கடைசியில் வருபவை மட்டும் நன்றாக மாட்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 100 காளான், ஒவ்வொன்றும் 1 லட்சம் விதை என்று வையுங்கள். மொத்தம் 1 கோடி. ஈ அபாரமாக வேலை செய்து 90 சதவீதத்தைத் தின்றுவிட்டது. மீதி 10 லட்சம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 விதை புதிதாக விழுந்திருக்கிறது. அடுத்த நடவை நாசமாக்க அது தாராளம். ஏற்கெனவே மண்ணில் கிடப்பது தனி. பூச்சியால் "90 சதவீதக் கட்டுப்பாடு" என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அதே 90 சதவீதம், ஏக்கருக்கு ஐந்தாறு காளான் மட்டும் வரும் வயலில், மற்ற முறைகளோடு சேர்ந்தால், பெரிய வித்தியாசம் செய்யும். லேசாகத் தொற்றிய வயலில் பூச்சி ஒரு ஆயுதம். கடுமையாகத் தொற்றிய வயலில் அது பல ஆண்டுத் திட்டத்தில் ஒரு துணை மட்டுமே.

முன்னாள் சோவியத் ஒன்றியத்தில், குறிப்பாக மத்திய ஆசியப் பகுதிகளில், தர்ப்பூசணி, புகையிலை, தக்காளி வயல்களுக்கு இந்த ஈயைப் பெருமளவில் விட்டார்கள். தொழிற்சாலையில் வளர்த்ததல்ல. காளான் உயிரோடு இருந்தால்தான் ஈ வளரும், காளானுக்கோ உயிருள்ள பயிர் வேண்டும். ஆகவே செயற்கை உணவில் வளர்ப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. பருவ முடிவில் ஈ பிடித்த தண்டுகளைச் சேகரித்துக் குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, அடுத்த பருவத்தில் காளான் முளைவிடத் தொடங்கும்போது ஈயை வெளியேற்றினார்கள். அளவு ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 ஈ. நம் கணக்கில் ஏக்கருக்கு 200 முதல் 400. சிலி நாட்டில் ஒரோபாங்கி வந்தேறிக் களை, ஈ அங்கே இல்லை. அதனால் 1990-களின் இறுதியில் தனிமைப் பரிசோதனைக்குப் பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்.

உங்கள் வயலில் முதலில் செய்ய வேண்டியது, பூச்சி வேலை ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பது. பழுப்பேறத் தொடங்கிய, இன்னும் வெடிக்காத காய்களை வயலின் பல மூலைகளிலிருந்து 50 எடுங்கள். வெள்ளைத்தாள் மேல் வைத்து பிளேடால் நீளவாட்டில் பிளந்து பாருங்கள். நல்ல காயில் பொடி விதை கட்டியாக நிறைந்திருக்கும். பூச்சி பிடித்த காயில் பழுப்புத் தூள், எச்சம், வெண்புழு அல்லது 2, 3 மில்லிமீட்டர் நீளப் பழுப்புக் கூடு கிடைக்கும். தண்டையும் பிளந்து உள்ளே பழுப்புக் கோடாகச் சுரங்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் தாளோடு எரித்துவிடுங்கள், விதையை ஊதிவிடாதீர்கள். புழு கிடைத்தால் சிலவற்றைச் சாராயக் குப்பியிலும், கூடுள்ள தண்டுகளைத் துணி கட்டிய பாட்டிலிலும் போட்டு வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கோ பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கோ கொடுத்து இனம் கண்டுகொள்ள வேண்டும். காயைத் தின்னும் புழுவெல்லாம் இந்த ஈ ஆகிவிடாது. பச்சைக்காய்ப் புழு போன்ற பல பயிர் தின்னிகளும் காளானில் வாய் வைக்கும், அவற்றைப் பெருக்கினால் புகையிலைக்கே கேடு.

ஈதான் என்று உறுதியானால், பிடுங்கிய தண்டைக் கொளுத்துவதற்குப் பதில் ஈயை மட்டும் வெளியே விடும் பெட்டி ஒன்று செய்யலாம். விதை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, ஈ ஒன்றுகூட உள்ளே சாகக் கூடாது, இரண்டுமே முக்கியம். காய் வெடிக்கும் முன் தண்டை அடியோடு பிடுங்கி, தலைகீழாக்காமல், நெருக்கமாக நெய்த துணிப்பையில் போட்டுக் கட்டுங்கள். ஓட்டை உரச்சாக்கு ஆகாது. வழியெல்லாம் விதை சிந்தும். பாலித்தீன் பையும் ஆகாது, ஈரம் கோத்து இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துக் கூட்டுப்புழு அழுகும். நிழலில், காற்றோட்டத்தில், மழை படாமல், எறும்பும் எலியும் ஏறாதபடி கயிற்றில் தொங்கவிட்டு வைத்திருங்கள். கயிற்றில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. எறும்பை அலட்சியம் செய்தால் பருவ முடிவில் வெறும் ஓட்டுக்கூடுகள்தான் மிஞ்சும்.

அடுத்த பருவத்தில் நடவு முடிந்து காளான் தலை காட்ட இரண்டு வாரம் இருக்கும்போது, அந்தத் தண்டுகளை நான்கு பக்கமும் அடியும் மூடிய மரப்பெட்டியிலோ தகரப்பெட்டியிலோ மாற்றுங்கள். ஒளி புகும் விரிசலை எல்லாம் களிமண்ணோ டேப்போ வைத்து அடையுங்கள். மேல் மூலையில் ஒரே ஒரு துளை, அதில் கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்தாற்போல் செருக வேண்டும். உள்ளே இருட்டு, பாட்டிலில் வெளிச்சம்: வெளிவரும் ஈ எல்லாம் பாட்டிலுக்கே போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், நனைக்கக் கூடாது. பெட்டி வயலில் இருக்கக் கூடாது, சிமெண்டுத் தரையில் இருக்கட்டும்.

பாட்டிலைத் தினமும் காலையில் கழற்றிப் பாருங்கள். இரண்டு சிறகுள்ள கருஞ்சாம்பல் ஈயோடு, நான்கு சிறகும் மெல்லிய இடுப்பும் உள்ள பொடிக் குளவிகளும் இருக்கும். அவை ஈயின் புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள். காளான் புகையிலைக்கு ஒட்டுண்ணி, ஈ காளானுக்கு எதிரி, குளவி ஈக்கு ஒட்டுண்ணி. இயற்கை யார் பக்கமும் நிற்பதில்லை. குளவியைப் பிரித்து நசுக்கிவிட்டு ஈயை மட்டும் விட வேண்டும். திறந்த வலைப்பெட்டியை வயலில் வைத்துவிட்டுப் போகும் எளிய முறையில் குளவியும் சேர்ந்தே பறந்துவிடும், இரண்டு மூன்று ஆண்டில் அது ஈயைத் தட்டிவிடும். பெட்டியிலிருந்து எண்ணிப் பிடிப்பதில் வேலை கூடுதல்தான், ஆனால் அந்த வேலையில்தான் பலன். சிலிக்குக் கொண்டுபோனதைப் போலத் தனிமைக்கூடத்தில் வளர்த்து விடும்போது கிடைக்கும் பெரிய லாபமும் இதுவே: குளவி பழைய நாட்டிலேயே தங்கிவிடும்.

வெயில் தாழ்ந்த பிறகோ விடியற்காலையிலோ, காளான் முளை தெரியும் இடங்களுக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறந்துவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுவதைவிட, முளைவிடும் தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாகப் பிரித்து விடுவது நல்லது, ஏனென்றால் காளானும் ஒரே நாளில் வருவதில்லை. முளை வரும் முன் விட்ட ஈ முட்டையிட இடமின்றிச் சாகும். காய் முற்றிய பின் விட்டால் விதைக்கு ஆபத்தில்லை. புகையிலைக்கு அசுவினி, புரோடீனியாப் புழு என்று மருந்து அடிப்பதாக இருந்தால், ஈ விடுவதற்கு முன்பே அடித்து முடித்து இடைவெளி கொடுங்கள். விட்ட பிறகு பரவலாக அடித்தால் அத்தனையும் வீண். தோல்வியில் பாதி இந்த இடத்தில்தான்.

பூச்சி பிடிக்காத வயலுக்கு வெளிநாட்டிலிருந்து ஈயைத் தருவிக்கலாமே என்று தோன்றும். தனிநபர் செய்யும் காரியமல்ல இது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி உயிரியல் கட்டுப்பாட்டுப் பூச்சியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதி வேண்டும், தனிமைக்கூடச் சோதனை வேண்டும். பார்சலில் வரும் தண்டோடு வேறு இன ஒரோபாங்கியின் விதை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். கடுகையும் தக்காளியையும் பிடிக்கும் எகிப்திய ஒரோபாங்கி வேறு, புகையிலையைப் பிடிக்கும் செர்னுவா என்ற ஒரோபாங்கி வேறு.

சோளம், கம்பு போடுகிறவர்களுக்கு இதே கேள்வி, அந்தப் பயிர்களின் வேரில் ஒட்டி வளரும் சுடுமல்லிக் களையைப் பற்றி எழும். அங்கே நமக்கு ஒரு விசேஷம்: சுடுமல்லியைத் தின்னும் பூச்சிகளை இந்தியாவிலிருந்து மற்ற நாடுகள் வாங்கிப் போயிருக்கின்றன. 1960-களில் இங்கே நடந்த ஆய்வில் பட்டியலிடப்பட்டவற்றில் இரண்டு முக்கியம். ஸ்மிக்ரோனிக்ஸ் ஆல்போவேரியகேட்டஸ் என்ற சிறு கூன்வண்டு, யூலோகாஸ்ட்ரா அர்ஜென்டிஸ்பார்சா என்ற அந்துப்பூச்சி. இந்த இரண்டும் 1970-களில் எத்தியோப்பியாவில் விடப்பட்டன. அங்கே நிலைத்து நின்று பெருகியதாக உறுதியாகவில்லை. அந்த நாட்டின் அரசியல் குழப்பத்தில் தொடர்ந்து பார்க்கவும் ஆளில்லாமல் போனது.

கூன்வண்டின் வேலை பார்க்கத் தகுந்தது. நீண்ட மூக்கால் சுடுமல்லிப் பூவின் சூல்பையைத் துளைத்து முட்டையிடும். காய், விதை நிறைவதற்குப் பதில் உருண்டையாக வீங்கிக் கரணையாகும். உள்ளே ஒரு புழு விதையைத் தின்னும், வளர்ந்ததும் துளைத்து வெளியேறி மண்ணில் விழுந்து, மண்கூடு கட்டி அடுத்த மழை வரை கிடக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் என்பதால் பெருக்கம் மெதுவே. மாலி நாட்டு நிலைமையை வைத்து 1993-இல் வெளியான ஒரு கணக்கு, சுடுமல்லியின் எண்ணிக்கையைப் பாதியாக்கவே இந்த வகை வண்டு ஆண்டுதோறும் 95 சதவீத விதையை அழிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது. மேலே போட்ட நம் ஏக்கர் கணக்கின் அதே பாடம்தான். ஆகவே சுடுமல்லியில் வீங்கிய காய் கண்டால் மகிழுங்கள், அதை நம்பிப் பிடுங்காமல் இருந்துவிடாதீர்கள். வேண்டுமானால் வீங்கிய காயுள்ள செடிகளை மட்டும் பிரித்து, வயலுக்கு வெளியே, அகலமான மண் தட்டில் வாரம் பத்து நாள் வைத்திருந்தால் புழு இறங்கி மண்ணுக்குள் போய்விடும், பிறகு செடியைக் கொளுத்தலாம். அந்தத் தட்டில் சுடுமல்லி விதையும் விழுந்திருக்கும் என்பதால் அதன் மண்ணை வயலில் கொட்டக் கூடாது. அடுத்த மழையில் வண்டு வெளிவந்து தானே பறந்துபோகும்.

பயிர்மேல் படர்ந்து உறிஞ்சும் கொடியான, கொத்தான் எனப்படும் கஸ்குட்டாவுக்கும் கூன்வண்டு, ஈ எல்லாம் முயன்று பார்த்திருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நிற்கவில்லை. கொத்தானைப் பயிரோடு சேர்த்து அறுத்து எரிப்பதே இன்றைக்கும் வழி.

திரும்ப உங்கள் வயலுக்கு வருவோம். ஏக்கருக்குப் பத்து இருபது காளான்தான் வருகிறது என்றால் பூச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை நடந்து பூ விரியும் முன் பிடுங்குங்கள். இளம் முளையின் நுனியில் 2 சொட்டு சோயா எண்ணெய் விடுவது கடுகு வயல்களில் பரிந்துரைக்கப்படும் முறை. கூலியாளுக்கு எளிது, பிடுங்கும்போது புகையிலை வேர் அசைவதும் இல்லை. பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள், பூவோடு கிடந்தால் தண்டில் உள்ள சத்தை வைத்தே விதையை முற்ற வைத்துக்கொள்ளும்.

நூற்றுக்கணக்கில் வருகிறது என்றால் ஓரிரு பருவம் புகையிலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழி சொல்ல முடியாது. எள், சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவை பொறிப்பயிர்கள். இவற்றின் வேர்க்கசிவு விதையை முளைக்கத் தூண்டும், ஆனால் முளைத்தது ஒட்டி வளர முடியாமல் செத்துப்போகும். கோடையில் நீர் பாய்ச்சி ஈரமாக இருக்கும் நிலத்தை நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளால் ஓரங்களை மண் போட்டு இறுக்கி மூடி 4 முதல் 6 வாரம் வைத்தால் மேல்மண்ணில் உள்ள விதை வெந்துவிடும். செலவு அதிகம் என்பதால் நாற்றங்காலுக்கும், காளான் திட்டுத் திட்டாக வரும் இடங்களுக்கும் மட்டும் செய்யுங்கள். பொறிப்பயிர் இரண்டு பருவம் போட்ட பிறகு காளான் குறைந்த வயலில், காயைப் பிளந்து பார்த்து ஈ இருப்பதும் உறுதியானால், அப்போது பெட்டி முறை தன் பங்கைச் செய்யும்.

கிடை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரோபாங்கி விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வெளியே வந்தாலும் முளைக்கும் திறன் போவதில்லை. காளான் உள்ள வயலில் மேய்ந்த ஆட்டை அன்றைக்கே சுத்தமான வயலில் கிடை அமர்த்தாதீர்கள். பிடுங்கிய காளானை ஆட்டுக்குப் போடும் வழக்கம் இருந்தால், காய் பிடிக்கும் முன் பிடுங்கியதை மட்டும் போடுங்கள்.